உங்கள் மஸ்டாங்கும் ஒன்ராறியோ உப்பும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பாவித்த கார் ஒன்றைக் கோடையில் வாங்கியிருக்கிறீர்கள்: 2019 மஸ்டாங் ஜிடி, ஆறு கியர் மனுவல், பெர்ஃபோமன்ஸ் பக்கேஜ் உள்ளது, சில்லுகளில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் கோடை ரயர். வீடு ஸ்காபரோவில், வேலை மிசிசாகாவில். வீட்டோடு ஒட்டிய, சூடேற்றாத ஒற்றைக் கராஜ் இருக்கிறது. மனைவியிடம் ஒரு ராவ்4, அதாவது ரொயோற்றாவின் உயரமான எஸ்யூவி, இருக்கிறது. ஒரு நண்பர், பின்சில்லு இழுக்கும் காரை வின்ரரில் தொடவே கூடாது என்கிறார். இன்னொருவர், கராஜில் வைத்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போய் வந்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. காரை எது கெடுக்கும் என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நண்பர் பாதி சரி. இருக்கிற மூன்று வழிகளில் இரண்டாமவர் சொன்னதுதான் மிக மோசமானது. நல்ல வின்ரர் ரயர் போட்டு முழுக் குளிர்காலமும் ஓட்டலாம். இல்லை ஒழுங்காகக் கட்டி வைத்து சித்திரை வரை தொடாமல் விடலாம். இரண்டும் காருக்குத் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தாங்காது. ஏன் என்று சொல்கிறேன்.

குளிர் மட்டும் வந்தால் காருக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 பாகை வரை உறையாது. ரொறன்ரோ அந்த எல்லைக்குப் போவதில்லை. சேதம் செய்வது உப்பும் ஈரமும் சேரும்போதுதான். வீதியில் போடும் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, மைனஸ் 10 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரைந்து ஈரமாகும். மற்ற இரண்டும் 30 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே கரையத் தொடங்கிவிடும். வெயில் அடிக்கிற தை மாத ஞாயிற்றுக்கிழமையில் 401 நெடுஞ்சாலையைப் பாருங்கள், வீதி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். தண்ணீர் இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று தோன்றும். அந்த வெள்ளைத் தூள் உங்கள் காரின் அடிப்பாகத்தில், சில்லு வளைவுகளின் மடிப்புகளில், சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டத்தின் இடுக்குகளில் போய் ஒட்டும். கராஜுக்குள் வந்தபின் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உப்புநீராகி, அடுத்த மூன்று மாதம் அங்கேயே இருந்து தின்னும். நாள்தோறும் ஓட்டுகிறவர் கிழமைக்கு ஒருமுறை கழுவுவார். ஒருநாள் போய் வந்தவர் கழுவுவதில்லை.

கோடை ரயரும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுக்கு எதிரிதான். 7 பாகைக்குக் கீழே அதன் இறப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் விழும். மைனஸ் 7க்குக் கீழே போனால் இறப்பர் மடியும்போது வெடிப்பு விழலாம் என்று மிஷலினே எச்சரிக்கிறது. அவ்வளவு குளிர்ந்த ரயரை உருட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க 5 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வைக்க வேண்டும். சூடேற்றாத கராஜ், வெளியே மைனஸ் 20 அடிக்கும் கிழமையில் அந்த எல்லைக்கு இறங்கக்கூடும். வெடிப்பு விழுந்த ரயரைத் திருத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும் பழக்கம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். சூடான எஞ்சினில் அது ஆவியாகக் குழாய் வழியே வெளியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் சைலன்ஸருக்குள்ளும் எஞ்சினின் அடித்தொட்டியிலும் தண்ணீராகத் தங்கும். கூலன்ற் முள் பத்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நின்ற நிலையில் ஒயில் சூடாக அரை மணித்தியாலமும் போதாது. குளிரில் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெற்றோலும் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். ஸ்டார்ட் பண்ணச் செலவான பெற்றரிச் சக்திகூட அந்தப் பத்து நிமிடத்தில் முழுதாகத் திரும்புவதில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் காபன் மொனொக்சைட்டு வேறு. கதவைத் திறந்து வைத்தாலும் அது வீட்டுக்குள் போகும். ஆகவே, கட்டி வைத்த காரைக் கட்டியே வையுங்கள். ஸ்டார்ட் பண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் அரை மணிக்கு மேல் வீதியில் ஓட்ட வேண்டும். அதற்கு உப்பு இடம் தராது.

ஓட்டுவது என்று முடிவெடுத்தால் முதல் செலவு ரயர். மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் அடையாளம் பொறித்த உண்மையான வின்ரர் ரயர், நான்கு சில்லுக்கும். பின்னுக்கு மட்டும் போட்டால் கார் புறப்படும், ஆனால் திரும்பாது, நிற்காது. உங்கள் காரில் இப்போது முன்னுக்கு 255/40ஆர்19, பின்னுக்கு 275/40ஆர்19 இருக்கும். வின்ரருக்கு நான்கிலும் 255/40ஆர்19 போடுவதுதான் தலையிடி இல்லாத வழி. பனியில் ஒடுங்கிய ரயர் நன்றாக இறங்கிக் கடிக்கும், முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கவும் முடியும். பின்சில்லின் சுற்றளவு இரண்டு வீதத்துக்குச் சற்று மேல் குறைவதால் வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். 18 அங்குல றிம் மலிவு என்று யாராவது விற்க வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் முன்சில்லில் மாட்டிப் பாருங்கள். பெர்ஃபோமன்ஸ் பக்கேஜில் முன் பிறேக் டிஸ்க் 380 மில்லிமீற்றர், அதைக் கவ்விப் பிடிப்பது ஆறு பிஸ்டன் பிறெம்போ கலிப்பர். 18இல் சில றிம்கள்தான் அதைத் தாண்டும், பல தாண்டாது. சில்லு நட்டுகளை 150 அடி-பவுண்ட் முறுக்கில் இறுக்கி, நூறு கிலோமீற்றருக்குள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 பாகை இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். ஐப்பசியில் 32 வைத்த ரயர் தையில் 27இல் நிற்பது இதனால்தான், ஓட்டை எதுவும் இருக்காது.

பின்சில்லு இழுப்பதைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. வின்ரர் ரயர் போட்ட மஸ்டாங், கோடை ரயரோடு வருகிற நாலு சில்லு இழுக்கும் எந்தக் காரையும்விடப் பனியில் பாதுகாப்பானது. நாலு சில்லும் இழுப்பது புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது. ஆனால் உங்கள் காருக்கு இரண்டு தனிக்குணங்கள் உண்டு. எஞ்சின் சக்தியைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரோர்சென் டிஃபரன்ஷல் இரு சில்லுகளையும் சேர்த்தே சுழற்றப் பார்க்கும். அதனால் ஒரு சில்லு பனியில் சிக்கினாலும் கார் நகரும். அதேநேரம் ஐஸில் இரண்டும் ஒன்றாக வழுக்கினால் பின்பக்கம் சட்டென்று பக்கவாட்டில் விலகும். இரண்டாவது, எஞ்சின் பிறேக்கிங். மனுவல் காரில் ஐஸில் கியரைக் குறைத்துக் கிளச்சை வெடுக்கென்று விட்டால் பின்சில்லு மட்டும் பிறேக் பிடித்த மாதிரி ஆகும், கார் சுழலும். புறப்படும்போது இரண்டாம் கியரில் மெதுவாக, இறங்கும்போது கிளச்சை மிதித்து வெறும் பிறேக்கால், டிரைவ் மோட்டை ஸ்னோ/வெற்றில் வைத்து, கார் வழுக்கி விலகாமல் காக்கும் ஸ்ரபிலிற்றிக் கொன்ரோலை ஒருபோதும் அணைக்காமல் ஓட்டுங்கள். டிக்கியில் மணல் மூட்டை வைப்பது எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம். பின் அச்சுக்கு மேல் முப்பது நாற்பது கிலோ வைத்தால் புறப்படச் சிறிது உதவலாம். கட்டாமல் வைத்தால் விபத்தில் அது உங்கள் முதுகுக்கு வரும். தேவையில்லை என்பேன். தரையிலிருந்து உயரம் ஒரு சாண் கூட இல்லாத கார் என்பதையும் மறக்கக் கூடாது. பனி அள்ளும் வண்டி வருமுன் பதினைந்து சென்ரிமீற்றர் ஸ்னோ விழுந்த நாளில், எந்த ரயர் போட்டாலும் முன் பம்பர் கலப்பை ஆகிவிடும். அன்றைக்கு ராவ்4.

துருவுக்கு ஆண்டுதோறும் அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பு பயனுள்ளது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. குறோண், றஸ்ட் செக் போன்ற சொட்டும் வகை எண்ணெய்கள் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும். வழக்கமாகப் புரட்டாசி, ஐப்பசியில், உப்பு விழுமுன் அடிப்பது நல்லது. கறுப்புத் தார் மாதிரிப் பூசும் வகையை நான் விரும்புவதில்லை. ஒரு இடத்தில் வெடித்தால் உப்புநீர் அடியில் புகுந்து, மேலே பளபளப்பாகவும் உள்ளே ஓட்டையாகவும் ஆகும். பெற்றரியில் இணைக்கும் மின்சாரத் துருத்தடுப்புப் பெட்டியை வாங்காதீர்கள். கடலில் நிற்கும் கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் மின்வழித் தடுப்பு வேலை செய்வதற்குக் காரணம், உலோகத்தைச் சுற்றித் தொடர்ச்சியாக நீரோ ஈரமண்ணோ இருப்பது. காற்றில் நிற்கும் காரில் அந்தச் சுற்று முடிவதே இல்லை. கழுவுவதைப் பொறுத்தவரை, வெப்பம் பூச்சியத்துக்கு மேலே வரும் நாள் பார்த்து, அடிப்பாகத்துக்கும் சில்லு வளைவுக்கும்தான் முதலில் தண்ணீர். தண்ணீரை மறுசுழற்சி செய்யும் கழுவகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்புநீரால் உப்பைக் கழுவுவதில் பொருள் இல்லை. உப்போடு வந்த காரைச் சூடேற்றிய கராஜில் விடுவது வெளியே விடுவதைவிட மோசம். சூட்டில் துரு வேகமாக நடக்கும், உறைந்திருந்தால் ஏறக்குறைய நின்றுவிடும்.

இனி கட்டி வைப்பது. காலம் கார்த்திகை நடு, முதல் உப்பு விழுமுன். முதலில் முழுமையாகக் கழுவி, பிறகு இருபது நிமிடம் ஓட்டி பிறேக் டிஸ்குகளைக் காய வைக்க வேண்டும். ஈர டிஸ்கோடு நிறுத்தினால் பிறேக் பாட் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒயிலை வைக்கும் முன் மாற்றுவதையே நான் சொல்வேன். பழைய ஒயிலில் அமிலமும் ஈரமும் பெற்றோலும் கலந்திருக்கும், அது ஐந்து மாதம் பெயரிங்குகளில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 வகை ஒயில், ஏறத்தாழ 9.5 லீற்றர். மாற்றி இரண்டு மாதம்தான், ஓட்டமும் குறைவு என்றால் அப்படியே விடலாம், பெரிய நட்டமில்லை.

பெற்றோல் தாங்கி ஏறத்தாழ 61 லீற்றர் கொள்ளும். அதற்கு, பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்ரேபில் என்ற திரவம் 180 மில்லிலீற்றர் போதும். பத்து லீற்றருக்கு 30 என்பது அதன் கணக்கு. முதலில் அதை ஊற்றி, பிறகு பெற்றோல் நிரப்பி, கால் மணியாவது ஓட்டினால் இன்ஜெக்ரர் வரை கலவை போய்ச் சேரும். மூடிய தாங்கியுள்ள இக்காலக் காரில் ஐந்து மாதத்தில் பெற்றோல் கெட்டே போகும் என்று சொல்லமாட்டேன். ஊற்றாதவர்களின் கார்களும் சித்திரையில் ஸ்டார்ட் ஆகத்தான் செய்கின்றன. சில டொலர் செலவு என்பதால் ஊற்றச் சொல்கிறேன்.

ரயரில் 32க்குப் பதிலாக 42 பிஎஸ்ஐ, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். தட்டையாவது அதிகம் குறையும். காரை ஜக் ஸ்ரான்டில் தூக்கி வைக்க வேண்டாம். சஸ்பென்ஷன் தொங்கி, அதன் மூட்டுகளில் உள்ள இறப்பர் புஷ்கள் மாதக்கணக்கில் முறுகிய நிலையில் நிற்கும். கைப்பிறேக்கைப் போடாமல், முதல் கியரில் விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கொங்கிறீற் தரை ஈரம் கக்கும் என்றால் காருக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரியுங்கள். மேலே போர்த்துவது காற்றுப் போகும் துணியாக இருக்க வேண்டும், பொலித்தீன் கூடாது.

பெற்றரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வசந்தத்தில் வரும் முறைப்பாடுகளில் பாதி அதுதான். பூட்டி நிற்கும் காரும் அலாரம், கணினி என்று 20 முதல் 50 மில்லிஅம்பியர் குடிக்கும். 50 என்று வைத்தால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, 60 அம்பியர்-மணிப் பெற்றரி இருபத்தைந்து நாளில் பாதியாகும். முழுதாக ஏறிய பெற்றரியின் அமிலம் மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும். காலியானது மைனஸ் 10 அளவிலேயே உறைந்து ஓடு வெடிக்கும். ஆகவே நிலையாகச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் தள்ளும் பழைய சார்ஜர் வேண்டாம், நிறைந்ததும் தானே அடங்கும் பெற்றரி மெயின்ரெய்னர் வாங்குங்கள். சிவப்பு கிளிப் நேர்முனையில். கறுப்பு கிளிப் எதிர்முனையில் வேண்டாம், எஞ்சின் அறையில் இருக்கும் வெற்று உலோகத்தில். எதிர்முனையில் இருக்கும் உணரி வழியாகப் போனால்தான் கணினிக்குப் பெற்றரியின் நிலை சரியாகத் தெரியும். கராஜில் மின்சாரம் இல்லையென்றால் பெற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து மாதம் ஒருமுறை ஏற்றலாம். ஆனால் மஸ்டாங்கின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கதவு திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். பெற்றரி இல்லாதபோது இறங்காது, இழுத்துத் திறந்தால் இறப்பர் விளிம்பு கிழியும். கழற்றிய பெற்றரியை கொங்கிறீற் தரையில் வைத்தால் சக்தி வடியும் என்பது மரப்பெட்டிக் காலத்துக் கதை, இன்றைய பிளாஸ்ரிக் ஓட்டுக்குப் பொருந்தாது.

சுண்டெலிக்கு ஆறு மில்லிமீற்றர் ஓட்டை போதும். சைலன்ஸர் குழாய் வாய்களையும் எஞ்சின் காற்று எடுக்கும் வாயையும் செம்புக் கம்பிச் சுருளால் அடைத்து விடுங்கள். இரும்புச் சுருள் துருப்பிடித்துக் கறை வைக்கும். அடைத்தது எத்தனை என்று ஒரு கடதாசியில் எழுதி ஸ்ரியரிங்கில் கட்டுங்கள். சுவரோரம் பொறி நாலைந்து. நஞ்சு வேண்டாம், தின்ற எலி காருக்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றம் கோடை முழுக்க இருக்கும். புதினா எண்ணெய், உடுப்பு உலர்த்தும் தாள் இவற்றை நம்பி இருக்க முடியாது. மணம் ஓரிரு கிழமையில் போய்விடும். சோயாவில் செய்த வயர் உறை என்பதால்தான் எலி கடிக்கிறது என்ற பேச்சும் நிறுவப்பட்டதல்ல. பழைய கார்களின் வயரையும் எலி கடித்தே வந்திருக்கிறது.

காப்புறுதி: ஒன்ராறியோவில் ஓபிசிஎஃப் 16 என்ற படிவத்தால் மூன்றாம் தரப்பு, மோதல் காப்பு முதலியவற்றை நிறுத்தி, திருட்டு, தீ போன்றவற்றுக்கான காப்பை மட்டும் வைத்திருக்கலாம். திரும்ப எடுக்க ஓபிசிஎஃப் 17. முகவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். கடனில் அல்லது லீஸில் உள்ள கார் என்றால் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். நிறுத்திய காலத்தில் கார் வீதியில் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. காப்புறுதி இல்லாமல் ஓட்டி முதல்முறை பிடிபட்டால் தண்டம் 5,000 டொலரில் தொடங்குகிறது. ஓட்டுவது என்றால், வின்ரர் ரயர் போட்டதற்குக் கட்டணக் கழிவு கேளுங்கள். 2016 தையிலிருந்து ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை.

உங்கள் நிலையில் நானென்றால் கட்டி வைப்பேன். கராஜ் இருக்கிறது, ராவ்4 இருக்கிறது, மிசிசாகா வரை 401இல் நாள்தோறும் போய்வரும் உப்பு கொஞ்சமல்ல. ஆனால் அந்த ராவ்4 காலையில் மனைவிக்கும் வேண்டும், அதனால் வின்ரருக்கென்று ஒரு பழைய கார் வாங்க வேண்டும் என்றால் என் பதில் மாறும். ஸ்காபரோ முகவரிக்கு இரண்டாவது காரின் காப்புறுதியையும், அந்தப் பழைய கார் கேட்கும் திருத்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். நல்ல ரயர், றிம், எண்ணெய்த் தெளிப்பு இவற்றுக்கான செலவு பல வருடத்துக்குப் பங்கிடப்படும், அது குறைவாகத்தான் வரும். ஜிடி ஓர் அருங்காட்சியகக் கார் இல்லை, ஓட்டத்தான் செய்தார்கள்.

எடுப்பது எப்போது என்றால், சித்திரையில் இரண்டு பெருமழை வீதியைக் கழுவியபின், காலை வெப்பமும் 7 பாகைக்கு மேலே நிற்கும்போது. ஸ்டார்ட் பண்ணுமுன் ஸ்ரியரிங்கில் கட்டிய கடதாசியை எடுத்துச் செம்புச் சுருள்களை எண்ணிக் கழற்றுங்கள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடியையும் எஞ்சின் வடியையும் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் அளவு, பிறேக் எண்ணெய், காருக்குக் கீழே கசிவு. அழுத்தத்தை 32க்கு இறக்குங்கள். முதல் சில பிறேக் பிடிப்புகள் கரகரக்கும், டிஸ்கின் மேல்துரு தேய்ந்து போகும் சத்தம் அது. ஸ்ரியரிங்கில் அதிர்வு இருந்தால் ரயர் தட்டையாகியிருக்கிறது. ரயர் சூடாகி முப்பது கிலோமீற்றரில் பெரும்பாலும் போய்விடும். நூறு தாண்டியும் போகாவிட்டால் சில்லுகளை பலன்ஸ் பார்க்கக் கொடுங்கள்.